திகில் படத்தைக் காதால் அளப்பது

ஒரு திகில் படத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கதையையும் கடைசித் திருப்பத்தையுமே பேசுகிறோம். கொலைகாரன் யார் என்று இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிட்டதா, பேயின் முகம் எந்தக் காட்சியில் வெளிப்பட்டது, முடிவு ஏற்கும்படி இருந்ததா என்பவைதாம் திரையரங்க வாசலில் நடக்கும் விவாதங்கள். அதே படத்தை வீட்டில் ஒலியை முற்றிலும் அடக்கிவிட்டுச் சிறிது நேரம் பார்த்தால், நம்மை நடுங்க வைத்த அச்சத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். இருட்டான தாழ்வாரத்தில் ஒருவர் நடப்பது கண்ணுக்கு வெறும் நடைதான். அதை ஆபத்தாக உணர்த்துவது காது. ஆகவே, பல ஆண்டுகளாக நான் விரும்பிப் பார்த்துவரும் தமிழ்க் குற்றப் படங்களையும் பேய்ப் படங்களையும் இங்கே அவற்றின் ஒலியை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடுகிறேன். இன்னும் பார்க்காதவர்களின் சுவையைக் கெடுக்கும் செய்திகளை இயன்றவரை தவிர்த்திருக்கிறேன்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாட்டு இருந்தால் விறுவிறுப்புக் கெட்டுவிடும், பாட்டை எடுத்துவிட்டால் படம் தரமாகிவிடும் என்ற எண்ணம் நம் ரசிகர்களிடையே ஆழமாகப் பதிந்திருக்கிறது. இந்தக் கருத்தில் பாதிதான் உண்மை. தமிழில் மிகச் சிறந்த திகில் படங்கள் சிலவற்றில் பாட்டு இருக்கிறது; அந்தப் பாட்டே அச்சத்தைச் சுமக்கவும் செய்கிறது. மறுபுறம், பாட்டைத் துறந்துவிட்ட அண்மைக்காலப் படங்கள் பலவற்றில் முதல் காட்சி முதல் கடைசிக் காட்சி வரை பின்னணி இசை ஒரு நொடிகூட ஓயாமல் ஒலிக்கிறது. ஐந்து நிமிடப் பாட்டைவிட இரண்டரை மணி நேரம் ஓயாத அந்த இசைதான் திகிலுக்குப் பெரிய கேடு என்பது என் உறுதியான எண்ணம்.

பாட்டில்லாப் படம் என்றதும் எல்லோரும் எடுக்கும் முதல் பெயர் "அந்த நாள்". ஏ.வி.எம். நிறுவனத்துக்காக எஸ். பாலசந்தர் இயக்கி 1954 ஏப்ரலில் வெளியான இந்தப் படத்தில் பாடல், நடனம், சண்டை ஆகிய மூன்றுமே கிடையாது. ஒரு படத்தில் எத்தனை பாட்டு என்று கேட்டுவிட்டு நுழைவுச்சீட்டு வாங்கிய காலம் அது. அதனினும் வியப்பு, இயக்கியவர் இசையே அறியாதவர் அல்லர். பின்னாளில் உலகெங்கும் வீணை பாலசந்தர் என்று போற்றப்பட்டவர். ஒலியின் வலிமையை முழுக்க அறிந்த ஒருவர்தான் அதை இவ்வளவு துணிவாக அடக்கிவைக்க முடியும் என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தோன்றுகிறது.

1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாள்களே கதையின் களம். வானொலிப் பொறியாளர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, மனைவி உஷா, ராஜனின் மறைவான உறவில் இருந்த பெண் என ஒவ்வொருவரையும் துப்பறியும் அதிகாரி சிவானந்தம் விசாரிக்க, ஒவ்வொருவர் வாக்குமூலமும் ஐயத்தை இன்னொருவர் மீது திருப்புகிறது. "பராசக்தி" வெளியாகி இரண்டே ஆண்டுகள் கழிந்த நிலையில், சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே கொல்லப்படும் மனிதராக, அதுவும் பார்வையாளர் விரும்ப முடியாத மனிதராக நடித்திருக்கிறார். உஷாவாகப் பண்டரிபாய். சிவானந்தமாக வருபவர் படத்தின் வசனகர்த்தாவான ஜாவர் சீதாராமன். விசாரணையின் வேகத்தைத் தன் குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே கட்டுப்படுத்துகிறார்.

இந்தப் படத்தின் பெருமையை "பாட்டு இல்லை" என்பதோடு முடித்துவிடுவது அதற்குச் செய்யும் அநீதி. பாட்டு போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதையே கவனிக்க வேண்டும். ஒரே நிகழ்ச்சியைப் பலர் சொல்வதால், ஒரே மனிதர் ஒருவர் கதையில் கோபக்காரராகவும் மற்றொருவர் கதையில் குழைபவராகவும் பேசுகிறார். சிவாஜியின் குரல் ஒவ்வொரு முறையும் வேறு மனிதரின் குரலாக நம் காதில் விழுகிறது. பின்னணி இசை இருக்கிறது, ஆனால் வசனத்தின் மீது ஏறி மிதிப்பதில்லை. மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழல்கள் கனக்கும்போது இசை பெரும்பாலும் ஒதுங்கி நிற்கிறது. குறை சொல்ல வேண்டுமென்றால், நாட்டுப்பற்றைப் பற்றிய நீண்ட உரையாடல்கள் இறுதிப் பகுதியில் மேடைப் பேச்சின் தொனிக்குப் போய்விடுகின்றன. அதுவரை காத்துவந்த இறுக்கம் சற்றே தளர்கிறது. ஆனாலும் எழுபது ஆண்டுகளைக் கடந்த பிறகும், யார் சுட்டது என்று தெரிந்த பிறகும், மறுபடியும் பார்க்க முடிகிற படமாக இது நிற்கிறது. துப்பறியும் படங்களில் இந்தத் தகுதி மிகச் சிலவற்றுக்கே உண்டு.

பத்து ஆண்டுகள் கழித்து, 1964இல், அதே பாலசந்தர் "பொம்மை" என்ற படத்தைத் தயாரித்து, இயக்கி, நடித்தார். பேசும் பொம்மை ஒன்றுக்குள் வெடிகுண்டை வைத்துவிடுகிறார்கள். அந்தப் பொம்மை ஊரெல்லாம் கைமாறிச் செல்கிறது. இதில் பாடல்கள் உண்டு. கே.ஜே. யேசுதாஸின் குரல் தமிழ்த் திரைக்கு அறிமுகமான "நீயும் பொம்மை நானும் பொம்மை" இந்தப் படத்தில்தான் வருகிறது. பாடலே வேண்டாமென்ற கொள்கையை அவர் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மழலைக் குரலில் பேசும் ஒரு விளையாட்டுப் பொருள் வெடிக்கப்போகிறது என்று நமக்குத் தெரிந்திருக்க, அதைத் தூக்கிச் செல்பவருக்கு மட்டும் தெரியாத நிலையில், அந்த இனிய குரல் கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. நடுப்பகுதி இழுவையாக இருந்தாலும் அந்தக் குரலுக்காகவே பார்க்கலாம்.

பேய்ப் படங்களுக்கு வந்தால், அறுபதுகளில் பாடலே பேயாக வந்தது. ஸ்ரீதரின் "நெஞ்சம் மறப்பதில்லை" (1963) படத்தின் தலைப்புப் பாடலை இன்று வானொலியில் கேட்பவர்கள் காதல் பாடலாக மட்டும் கேட்கிறார்கள். படத்துக்குள் அது முற்பிறவியிலிருந்து வந்து ஒருவனைப் பிடித்துக்கொள்ளும் நினைவு, ஏ. வின்சென்டின் ஒளிப்பதிவில் அந்தப் பாழடைந்த மாளிகையைப் பார்த்துக்கொண்டே கேட்டால் விசுவநாதன்-ராமமூர்த்தியின் மெட்டில் இருக்கும் ஏக்கம் வேறு முகம் காட்டும். "யார் நீ?" (1966) படத்தின் "நானே வருவேன்" இன்னும் நேரடியானது. இந்திப் படம் ஒன்றின் தழுவல் என்பதால் மெட்டும் அங்கிருந்து வந்ததுதான், ஆனால் பி. சுசீலா அதைப் பாடிய விதம் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையை இருட்டில் தனியே நடக்கவிடாமல் செய்தது. வெள்ளைப் புடைவை, பனிமூட்டம், தொலைவிலிருந்து வரும் பெண் குரல் என்ற அடையாளங்கள் பின்னால் வந்த எத்தனையோ படங்களில் நகைச்சுவைப் பொருளாகத் தேய்ந்துவிட்டன. அதற்கு அந்தப் பாடலைக் குறை சொல்ல முடியாது.

இனி நான் நின்று பேச விரும்பும் இரண்டு படங்கள். பாரதிராஜாவின் "சிகப்பு ரோஜாக்கள்" 1978இல் வந்தது. பாலு மகேந்திராவின் "மூடு பனி" 1980 தீபாவளிக்கு வந்தது. இரண்டிலும் நாயகனே கொலைகாரன். இரண்டுக்கும் இளையராஜா இசை. இரண்டாவது அவருடைய நூறாவது படம். பாலியல் தொழிலாளர்கள் மீதும் "வழிதவறிய" பெண்கள் மீதும் கொலைகாரனுக்கு இருக்கும் வெறுப்பை இரண்டு படங்களும் சிறுவயதுக் காயத்தால் விளக்க முயல்கின்றன. அந்த விளக்கம் இன்று எனக்கு உவப்பாக இல்லை. கொல்லப்படும் பெண்களுக்குத் தங்கள் கதையைச் சொல்ல எந்தப் படமும் இடம் தரவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டே இவற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் பாட்டை அச்சத்தின் கருவியாகக் கையாண்டதில் இந்த இரண்டையும் மிஞ்சிய தமிழ்ப் படம் எனக்குத் தெரிந்து இல்லை.

"சிகப்பு ரோஜாக்க"ளில் கமல்ஹாசன் நடித்த திலீப் யார் என்பதைப் பாரதிராஜா நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறார். ஸ்ரீதேவி நடித்த சாரதாவுக்குத்தான் தெரியாது. அதனால் "இந்த மின்மினிக்கு" என்று மலேசியா வாசுதேவனும் எஸ். ஜானகியும் பாடும்போது, திரையில் காதல் வளர, பார்ப்பவர் மனத்தில் பதற்றம் வளர்கிறது. கமல்ஹாசனே ஜானகியுடன் பாடிய "நினைவோ ஒரு பறவை" மெல்லிய கிசுகிசுப்பில் தொடங்கும்போது, அந்தக் கிசுகிசுப்பு யாருடையது என்ற நினைவு நம்மைவிட்டு அகல்வதில்லை. பாடல் கதையை நிறுத்துகிறது என்ற குற்றச்சாட்டு இங்கே செல்லாது. அவள் அவனை நம்பத் தொடங்குவது பாடலில்தான் நடக்கிறது; அதை வெட்டினால் பிற்பகுதியில் அந்தப் பெரிய வீட்டுக்குள் சாரதா தனியே ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்க்கும் நீண்ட பகுதிக்கு வலுவே இருக்காது. அந்தப் பகுதியில் வசனம் அரிது. பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் மூச்சே நமக்குக் கேட்கும்.

"மூடு பனி" இன்னும் நுட்பமானது. கடத்திவந்த பெண்ணின் முன்னால் அமர்ந்து, கித்தாரை மீட்டியபடி நாயகன் சந்துரு பாடும் பாடல்தான் "என் இனிய பொன் நிலாவே". திருமண வீடுகளிலும் பேருந்துகளிலும் கைப்பேசி அழைப்பொலியாகவும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒலித்துக்கொண்டிருக்கும் இந்தப் பாடல், ஒரு கொலைகாரன் தன் கைதியிடம் தன்னை நேசிக்கச் சொல்லிக் கெஞ்சும் பாடல் என்பது படத்தைப் பார்க்காத பலருக்குத் தெரியாது. யேசுதாஸின் குரலில் இருக்கும் கனிவு போலியானது இல்லை. சந்துரு அந்த நேரத்தில் உண்மையாகவே அன்பை வேண்டுகிறான். பிரதாப் போத்தனின் முகத்தில் அந்த வேண்டுதலும் நோயும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. எதிரே அமர்ந்திருக்கும் ஷோபாவின் முகத்தில் அச்சமும் இரக்கமும் மாறி மாறி வருவதைப் பார்க்கும்போது, படம் வெளியாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1980 மே முதல் நாளில், அவர் மறைந்துவிட்டார் என்ற செய்தி மனத்தை மேலும் கனக்கச் செய்கிறது. இந்தப் படத்தில் பாட்டை நீக்கச் சொல்பவர் படத்தின் நெஞ்சையே நீக்கச் சொல்கிறார் என்பேன்.

"நூறாவது நாள்", "ஊமை விழிகள்" ஆகிய எண்பதுகளின் பெரும் வெற்றிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முன்னதில் மொட்டைத் தலையும் கண்ணாடியுமாக வரும் சத்யராஜின் தோற்றமும், பின்னதில் இரவில் வரும் குதிரை வண்டியும் நினைவில் நிற்கின்றன. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய "ஊமை விழிகள்" தொழில்நுட்பத்தில் அந்தக் காலத்துக்குப் பெரிய பாய்ச்சல். ஆனால் இரண்டுமே அதிர்ச்சியை நம்பும் அளவுக்கு அமைதியை நம்பவில்லை.

அமைதியை நம்பிய படம் 1995இல் வந்த "குருதிப்புனல்". பி.சி. ஸ்ரீராம் இயக்கி, கமல்ஹாசன் எழுதி நடித்தது, இந்தியில் வந்த "துரோக்கால்" படத்தின் மறுஆக்கம், பாடல்கள் கிடையாது. டால்பி ஸ்டீரியோ ஒலிநுட்பத்தை இந்தியத் திரைக்குக் கொண்டுவந்த முன்னோடிப் படங்களுள் ஒன்று என்ற பெருமையும் இதற்கு உண்டு. புதிய கருவி கையில் கிடைத்தவுடன் எல்லா மூலைகளிலிருந்தும் சத்தத்தை எழுப்பும் ஆசையே இயல்பாக வரும். இந்தப் படம் அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல், விசாரணை அறையில் நாசரும் கமலும் எதிரெதிரே அமர்ந்து பேசும் காட்சிகளில் தாழ்ந்த குரல்களுக்கு இடம் விட்டது. தீவிரவாதத் தலைவன் பத்ரியாக வரும் நாசர் குரலை உயர்த்தாமலேயே மிரட்டுவார். காவல் அதிகாரியின் மன உறுதி எந்த இடத்தில் உடைகிறது என்பது அந்தக் குரல்களுக்கு இடையே உள்ள இடைவெளியில்தான் தெரிகிறது. வன்முறை மிகுந்த படம். சிறுவர்களோடு பார்க்கத் தக்கதில்லை.

நம் வீடுகளுக்குள் அன்றாடம் கேட்கும் ஒலியையே பேயாக மாற்றியதற்காக விக்ரம் குமாரின் "யாவரும் நலம்" (2009) படத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பதின்மூன்றாம் மாடியில் புதிதாகக் குடியேறும் ஒரு கூட்டுக் குடும்பம். நண்பகல் 1 மணிக்குத் தொலைக்காட்சியில் தொடங்கும் ஒரு தொடர். அந்தத் தொடரில் நடப்பதெல்லாம் இந்த வீட்டிலும் நடக்கிறது என்பதை மாதவன் மட்டும் கண்டுகொள்கிறார். மின்தூக்கி அவருக்கு மட்டும் இயங்காது; கைப்பேசியில் எடுத்த அவர் படம் மட்டும் கோணலாக விழும். இத்தகைய சிறு சிறு தொந்தரவுகளை அடுக்கி, நள்ளிரவை நாடாமல் பட்டப்பகலில் பயத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். சமையலறையில் வேலை நடக்கும்போது கூடத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் தொடர்களின் வசனமும் தலைப்பிசையும் எந்தத் தமிழ் வீட்டுக்கும் புதியதன்று. நாம் காதில் வாங்காமல் விட்டுவிடும் ஒலி அது. அதைக் கவனிக்க வைத்தவுடனேயே படம் வென்றுவிடுகிறது. முதற்பகுதியில் வரும் பாடல்கள் தேவையில்லை. அவை "மூடு பனி"யின் பாடலைப் போல எதையும் சுமக்கவில்லை.

கார்த்திக் சுப்புராஜின் "பீட்சா" (2012) இருட்டு பங்களா, கைவிளக்கு, தனித்த மனிதன் என்ற பழைய பொருள்களையே கொண்டது. விஜய் சேதுபதி மட்டுமே திரையில் இருக்கும் அந்த நீண்ட நடுப்பகுதியில் அவர் மூச்சும், கதவின் ஓசையும், எதிர்பாராமல் ஒலிக்கும் தொலைபேசியும்தான் பாத்திரங்கள். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் திரைக்கு வந்த முதல் ஆண்டிலேயே எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று அறிந்திருந்தார். அஸ்வின் சரவணனின் "மாயா" (2015) படத்தில், ஆள் இல்லாத திரையரங்கில் நயன்தாரா தன்னந்தனியே ஒரு பேய்ப் படத்தைப் பார்க்கும் பகுதி வருகிறது. இந்தப் படத்தைத் திரையரங்கில் பார்த்தவர்களுக்குத் திரையில் இருக்கும் அரங்கின் ஒலி எது, தாம் அமர்ந்திருக்கும் அரங்கின் ஒலி எது என்ற மயக்கம் ஏற்படும். வீட்டில் அந்த மயக்கம் கிடைக்காது.

மிஷ்கினின் படங்களுக்குத் தனி இடம் தர வேண்டும். "ஓநாயும் ஆட்டுக்குட்டியும்" (2013) பெரும்பகுதி ஒரே இரவில் நடக்கும் குற்றக் கதை, பாடல் இல்லை, இளையராஜாவின் பெயரை வழக்கமான "பின்னணி இசை" என்று போடாமல் "முன்னணி இசை" என்று போட்டார்கள். தெருவில் குண்டடி பட்டுக் கிடப்பவரைத் தூக்கிச் செல்லும் மருத்துவ மாணவன், பேராசிரியர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல வீட்டிலேயே அறுவை செய்யும் தொடக்கப் பகுதியே போதும், இது எத்தகைய படம் என்று அறிய. கல்லறைத் தோட்டத்தில் ஓநாய் எனப்படும் அந்தக் குற்றவாளி தன் கதையைக் குழந்தைக் கதையைப் போலச் சொல்லும்போது கேமரா அந்த முகத்தைவிட்டு நெடுநேரம் விலகுவதில்லை.

ஓயாத இசையைக் குறை சொல்லும் நான் இசை நிறைந்த இந்தப் படத்தைப் புகழ்வது முரணாகத் தோன்றலாம். இதற்கு என்னிடம் விடை இருக்கிறது. இந்தப் படத்தின் மாந்தர்கள் தங்களைப் பற்றி ஏறக்குறைய எதுவும் பேசுவதில்லை. துரத்தல் நடக்கும்போது இசை துரத்தலைச் சொல்லவில்லை. துரத்தப்படுபவனின் குற்ற உணர்வைச் சொல்கிறது. தந்திக் கருவிகள் எழும்போது நாம் காண்பது ஓடும் மனிதனை, கேட்பது அவன் மன்னிப்புக்காக ஏங்குவதை. காட்சியில் இல்லாத ஒன்றை இசை கொண்டுவருகிறது. பின்னால் அந்த இசைத் துண்டுகளே தனித் தொகுப்பாக வெளிவந்தன. படத்தைப் பார்த்தவர்கள் அவற்றைத் தனியே கேட்டால் எந்தக் காட்சி என்று சொல்லிவிட முடியும். அடுத்து வந்த "பிசாசு" (2014) படத்திலும் இதே நெறிதான். நாயகன் வயலின் கலைஞன் என்பதால் அரோல் கொரேலியின் இசையில் வயலின் முதன்மை பெறுகிறது. விபத்தில் அடிபட்டு, நாயகனின் கையைப் பற்றியபடியே இறந்துபோகும் பெண் பிசாசாக வருகிறாள். அச்சமூட்ட வேண்டிய இடங்களில் வயலின் புலம்புகிறது. ஒரே ஒரு பாடல் உண்டு, சிறுமி உத்தரா உன்னிகிருஷ்ணன் பாடியது. பேய்ப் படம் பார்க்கப் போய்க் கண்ணீரோடு வெளியே வர வைத்த படம் என்று இதை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

இந்த நெறி எங்கே மீறப்படுகிறது என்பதற்கு எல்லோரும் கொண்டாடும் ஒரு படத்தையே எடுத்துக்கொள்கிறேன். ராம்குமாரின் "ராட்சசன்" (2018) தொடர்கொலைப் படங்களில் மிகக் கவனமாகக் கட்டப்பட்ட திரைக்கதைகளில் ஒன்று. பரிசுப் பெட்டிக்குள் சிதைக்கப்பட்ட பொம்மைத் தலை என்ற ஒரே உருவத்தால் பள்ளிச் சிறுமிகளைப் பெற்ற எந்த வீட்டையும் அது உலுக்கிவிடுகிறது. ஜிப்ரானின் இசையில் குழந்தைகள் விளையாட்டை நினைவூட்டும் மெல்லிய சுரங்கள் வரும் இடங்கள் அபாரமானவை. அவை கேட்டதும் திரையைப் பார்க்கவே தயக்கம் வருகிறது. ஆனால் ஏறத்தாழ மூன்று மணி நேரப் படத்தின் இறுதிப் பகுதியில், ஓட்டம், போராட்டம், தப்பித்தல் என்று ஒவ்வோர் அசைவுக்கும் மேளமும் தந்தியும் சேர்ந்து முழங்குகின்றன. மெல்லிய சுரத்தால் உறைய வைத்த படம் இரைச்சலால் களைக்க வைக்கிறது. கொலைகாரன் அடுத்த அறையில் இருக்கிறான் என்று நமக்குத் தெரியும்போது, அதை இசை மறுபடி மறுபடி சொல்லத் தேவையில்லை. இந்தக் குறையையும் மீறி இது சிறந்த படம்தான். ஆனால் இதன் பின்னே வந்த பல படங்கள் இதன் திரைக்கதை உழைப்பை விட்டுவிட்டு இந்த முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. கதவு திறந்தால் ஓர் இடி, திரும்பிப் பார்த்தால் ஓர் இடி, யாரோ தோளைத் தொட்டால் இன்னும் பெரிய இடி. தொட்டவர் நண்பர் என்று தெரிந்ததும் இரண்டு நொடி அமைதி. அந்த இரண்டு நொடியைத்தான் படம் முழுக்க நீட்டியிருக்க வேண்டும்.

உலகத் திரையிலும் இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஃபிரிட்ஸ் லாங்கின் "எம்" (1931) பேசும் படம் தோன்றிய புதிதில் எடுக்கப்பட்டது. பின்னணி இசை இல்லை. குழந்தைகளைக் கொல்பவன் ஒரு மெட்டைச் சீழ்க்கையடிக்கிறான். அவன் முகத்தைப் பார்க்க முடியாத பார்வையற்ற பலூன் விற்பவர்தான் அந்தச் சீழ்க்கையை வைத்து அவனை அடையாளம் காண்கிறார். குற்றப் படத்தில் ஒலி என்ன செய்ய முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் கண்டதில்லை. ஹிட்ச்காக்கின் "சைக்கோ" (1960) குளியலறைக் காட்சிக்கு முதலில் இசையே வேண்டாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய வயலின் கூச்சலைக் கேட்ட பிறகு மனம் மாறினார். அதே ஹிட்ச்காக் மூன்று ஆண்டுகள் கழித்துப் "பறவைகள்" படத்தில் வழக்கமான இசையை முற்றிலும் நீக்கி, மின்னணுக் கருவியில் உருவாக்கிய சிறகொலிகளையும் கீச்சொலிகளையும் மட்டும் வைத்தார். இரண்டும் சரியான முடிவுகள். ஒவ்வொரு படத்துக்கும் அதன் ஒலியைப் புதிதாக யோசித்தார்கள் என்பதுதான் முதன்மையானது.

தமிழில் அப்படி யோசித்த அண்மைப் படங்கள் இல்லாமல் இல்லை. கார்த்திக் நரேன் மிக இளம் வயதில் இயக்கிய "துருவங்கள் பதினாறு" (2016), இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான நீளத்தில், பாடலின்றி, மழை பெய்யும் ஓர் இரவின் நிகழ்வுகளை நடிகர் ரகுமானின் தாழ்ந்த குரலில் சொல்லிச் செல்கிறது. அந்தக் குரலில் இருக்கும் சோர்வே மர்மத்தின் ஒரு பகுதி. விக்னேஷ் ராஜாவின் "போர் தொழில்" (2023) இன்னும் முதிர்ந்த படம். திருச்சிப் பகுதியில் நடக்கும் தொடர்கொலைகளை விசாரிக்கும் இரண்டு அதிகாரிகளில், சரத்குமார் பேச மறுப்பவர். அசோக் செல்வன் படித்ததையெல்லாம் சொல்லிவிடத் துடிக்கும், உள்ளுக்குள் அச்சம் நிறைந்த புதியவர். இருவருக்கும் இடையே இருக்கும் மௌனம் மெல்ல மெல்ல நட்பாக மாறுவதைப் படம் அவசரப்படாமல் காட்டுகிறது. இரண்டு படங்களுக்கும் இசை ஜேக்ஸ் பிஜாய். "போர் தொழில்" படத்தில் ஐயத்துக்குரிய ஒருவரை நேரில் சந்தித்துப் பேசும் காட்சியில், சரத்பாபுவின் பண்பட்ட, நிதானமான குரலையே நம்பி இயக்குநர் காட்சியை நடத்தியிருக்கிறார். படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன் மறைந்த அந்த நடிகருக்கு இது மிகத் தகுதியான விடைபெறல்.

பார்க்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தட்டையான தொலைக்காட்சிப் பெட்டிகளின் சிறிய ஒலிபெருக்கிகளில் வசனம் மெலிந்தும் இசை பருத்தும் கேட்கும். அமைதியான காட்சிக்கு ஒலியைக் கூட்டுவதும் அடுத்த காட்சியில் குறைப்பதுமாகவே பாதிப் படம் போய்விடும். இயன்றால் காதில் அணியும் நல்ல ஒலிப்பானோடு பார்ப்பது மேல். "பீட்சா", "போர் தொழில்" இரண்டும் அவ்வாறு பார்க்கும்போது புதிய படங்களாகத் தோன்றும். பழைய படங்களுக்கு வேறு சிக்கல். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பலவற்றில் இரைச்சலும் ஒலி விட்டுவிட்டு வருவதும் மிகுதி. சிலவற்றில் இடையிடையே விளம்பரத்துக்காக அமைதியான பகுதிகளையே வெட்டியிருக்கிறார்கள். "அந்த நாள்" முதலிய படங்களின் ஒலித்தடத்தைச் செப்பனிட்டுத் திரையரங்கில் மறுபடி வெளியிட உரிமையாளர்கள் முன்வர வேண்டும். வணிக வெற்றி பெற்ற நாயகர்களின் படங்கள் மறுவெளியீட்டில் அரங்கு நிறைகிற இந்த நாளில், "மூடு பனி"யை இருட்டு அரங்கில் நூறு பேரோடு அமர்ந்து கேட்கும் வாய்ப்பை இன்றைய இளைஞர்களுக்கும் தரலாமே.

புதிதாக இந்தப் படங்களுக்குள் நுழைய விரும்புகிறவர்கள் "போர் தொழில்" படத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்வது எளிது. நடை பழகியதாக இருக்கும். அதன்பின் "யாவரும் நலம்" படத்தை நண்பகலில் பாருங்கள். "சிகப்பு ரோஜாக்கள்", "மூடு பனி" இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தால், ஒரே இசையமைப்பாளர் இரண்டு கொலைகாரர்களுக்கு எவ்வளவு வேறுபட்ட மனங்களைக் கொடுத்திருக்கிறார் என்பது கேட்கும். பாடல்கள் வரும்போது தாண்டிச் செல்லும் பொத்தானை மட்டும் அந்த இரண்டு இரவுகளும் தொடாதீர்கள்.